தேய்த்த பக்கம், தேய்க்காத பக்கம்

அபி எனக்குத் தர வேண்டியது ஆறாயிரத்து முந்நூறு ரூபாய். பல்லுக்கு நூற்றைம்பது வீதம் நாற்பத்திரண்டு பல். கணக்கில் தகராறு எதுவும் கிடையாது. கேட்டபோதெல்லாம் "ஜிபே நம்பர் குடுங்கண்ணா, இப்பவே போட்டுடறேன்" என்பாள். என்னிடம் இருப்பது பட்டன் போன். அப்படியே நின்றுபோன பாக்கி அது. அவளைக் குறை சொல்வதற்காக நான் இதை எழுதவில்லை.

நீங்கள் ஸ்டேஷன் மேசையில் வெள்ளைத் தாளைத் தள்ளி, "எழுதத் தெரியுமில்ல, நடந்தத நீயே எழுது" என்றீர்கள் ஐயா. தெரியும். நாற்பத்தாறு வயதில் கற்றுக்கொண்டேன். அதையும் சொல்லிவிட்டால் மற்றது உங்களுக்குப் புரியும்.

நான் நிலக்கரி மைன்ஸில் பெல்ட் ஜாயிண்ட் கேங்கில் இருபத்திரண்டு வருஷம் கான்ட்ராக்ட் ஆள். வெட்டி எடுத்த கரியைச் சுமந்துகொண்டு ஓடும் ரப்பர் பெல்ட், ஓர் ஆள் குறுக்கே படுக்கும் அகலம். அது அறுந்தால் இரண்டு முனையையும் படிப்படியாகச் சீவி, சுரண்டிச் சொரசொரப்பாக்கி, தூசி தட்டி, சொல்யூஷன் என்கிற பசை போட்டு ஒட்டுவோம். சொல்யூஷன் இரண்டு பூச்சு. முதல் பூச்சைத் தடவக் கூடாது, தேய்க்க வேண்டும். கட்டை பிரஷ்ஷால் தோள் வலிக்கத் தேய்த்தால்தான் அது ரப்பருக்குள் இறங்கும். பிறகு காய விட வேண்டும். காய்ந்ததா என்று புறங்கை விரலை வைத்துப் பார்ப்போம். ஒட்டினால் இன்னும் நேரம் இருக்கிறது.

அந்தக் காய்கிற அரைமணி நேரத்தில் யாருக்கும் வேலை இருக்காது. எங்கள் கேங்கில் குழந்தைவேல் என்று பத்தாவது படித்தவன் ஒருவன் இருந்தான். அளவு போடுகிற சாக்பீஸால் பெல்ட்டின் மேலேயே எனக்கு எழுத்து எழுதிக் காட்டினான். நான் கீழே எழுதுவேன். ஜாயிண்ட் முடிந்து பெல்ட் ஓட ஆரம்பித்ததும் என் எழுத்தெல்லாம் கரிக்கு அடியில் போய்விடும். இரண்டு வருஷத்தில் டப்பாவில் ஒட்டியிருப்பதைப் படிக்கிற அளவுக்கு வந்துவிட்டேன்.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஓர் ஐப்பசி மாதம், மழை. நான் போட்ட ஜாயிண்ட் ஒன்று பதினோராம் நாள் திறந்துகொண்டது. யாருக்கும் அடி இல்லை. கரி கொட்டி, எட்டு மணி நேரம் பெல்ட் நின்றது. அவ்வளவுதான். எங்கள் கான்ட்ராக்டர் சக்கரபாணி கேங் முழுவதையும் நிற்கவைத்து என்னைக் கேட்டார்.

"இன்னாய்யா கலியா, இன்னா ஆச்சு?"

"சொல்யூஷன் பழசா இருந்திருக்கும்ங்க."

அவர் காலி டப்பாவை எடுத்துவரச் சொன்னார். "இப்பத்தான் படிக்கக் கத்துகினியாமே. தேதியப் படி, எல்லாரும் கேக்கட்டும்."

படித்தேன். அந்த மாதத்துச் சரக்குதான்.

"அப்ப மழ ஈரங்க."

"தார்ப்பாய் கட்டிக் குடுத்தேனே. சொல்யூஷனும் இல்ல, ஈரமும் இல்லய்யா. உன் கை செத்துப் போச்சு. போ, போய் வூட்ல படு."

பதினொரு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மறுநாள் என் கேட் பாஸைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். வேலை போனதில் எனக்கு வருத்தம் இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் வேலையைவிட அந்தப் பேச்சுதான் கூடவே வந்தது. சாப்பிட உட்கார்ந்தால் கையைப் பார்ப்பேன். இது செத்த கையா? சொல்யூஷன் கெட்டதா, கை கெட்டதா? இதற்கு யாராவது ஒரு பதில் சொல்லிவிட்டால் போதும் என்றிருந்தது. எந்தப் பதிலானாலும் சரி.

பிறகு டவுன்ஷிப் ஆர்ச் கேட்டுக்கு வெளியே திலகவதி டாக்டரம்மாவின் பல் கிளினிக்கில் சேர்ந்தேன். கூட்டிப் பெருக்குவது, சாமான் கொதிக்கவைப்பது, ஆட்களை வரிசையில் உட்காரவைப்பது, டாக்டரம்மா கேட்பதை எடுத்துக் கொடுப்பது. முதல் வாரமே எனக்குத் தெரிந்துவிட்டது, இதுவும் ஜாயிண்ட் வேலைதான். சொத்தையைச் சுரண்டுகிறார்கள். நீல ஜெல் வைத்துச் சொரசொரப்பாக்குகிறார்கள். கழுவுகிறார்கள். சின்ன பிரஷ்ஷில் ஒரு சொட்டு மருந்து தொட்டுப் பூசுகிறார்கள். அதற்குப் பாண்டிங் என்று பெயர். பிறகு நீல லைட் அடித்து, மேலே சிமெண்ட் மாதிரி ஒன்றை வைத்து அடைக்கிறார்கள். இருபத்திரண்டு வருஷம் நான் முட்டி போட்டுச் செய்ததை இவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து செய்தார்கள்.

டாக்டரம்மாவின் மகள்தான் அபி. வெளியூரில் பல் டாக்டருக்கு மேல்படிப்பு. சனிக்கிழமை வீட்டுக்கு வந்தால் கிளினிக்கில் உட்கார்ந்து பிடுங்கிய பல்லை வைத்துப் பழகுவாள். ஒருநாள் கழுவின பல்லில் லேசாகக் காற்று அடித்துவிட்டு மருந்தைத் தொட்டாள். எனக்கு மனசு கேட்கவில்லை.

"நல்லாக் காத்து அடிச்சிக் காய வைங்கம்மா. ஈரத்து மேல போட்டா ஒட்டாது."

சிரித்துவிட்டாள். "கலியண்ணா, இது பெல்ட் இல்ல. ரொம்பக் காய வச்சா பல்லுக்குள்ள இருக்கற நாரெல்லாம் படுத்துக்கும், மருந்து எறங்காது. கொஞ்சம் ஈரம் இருக்கணும்."

"அப்ப ஈரம் ஜாயிண்டக் கெடுக்காதா?"

"எல்லாமே போடற விதத்துலதாண்ணா இருக்கு. அதத்தான் நான் ஆராய்ச்சியே பண்ணப் போறேன்."

அறுபது பல் எடுத்துக்கொள்வாளாம். பாதிப் பல்லில் மருந்தைச் சும்மா பூசி விட்டுவிடுவது. மீதிப் பாதியில் இருபது விநாடி பிரஷ்ஷால் அழுத்தித் தேய்ப்பது. பிறகு மெஷினில் மாட்டி, ஒட்டினது பிய்கிறவரை தள்ளுவது. எது எத்தனை பாரம் தாங்கியது என்று மெஷின் எண் காட்டும்.

"ஒரே பாட்டில், ஒரே நாள், ஒரே ஆளு. கை போடற விதம் மட்டும்தான் மாறும்" என்றாள்.

நான் துடைத்துக்கொண்டிருந்த தட்டை வைத்துவிட்டு அவளை இன்னொரு முறை சொல்லச் சொன்னேன். நாலு வருஷமாக நான் சுமந்த கேள்விக்கு ஒரு மெஷின் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அறுபது பல்லும் நல்ல பல்லாக இருக்க வேண்டும். சொத்தை கூடாது, விரிசல் கூடாது, இளவயசுப் பல்லாக இருந்தால் நல்லது. கோரைப் பல்லுக்குப் பின்னால் இருக்கும் சின்னக் கடைவாய்ப் பல்தான் அவளுக்கு வேண்டியது. கம்பி போடுகிற பிள்ளைகளுக்கு இடம் வேண்டி அதைப் பிடுங்குவது உண்டு. எங்கள் கிளினிக்கிலும் வடலூரிலும் சேத்தியாத்தோப்பிலும் கேட்டு வாங்கி, ஐந்து மாதத்தில் பதினெட்டு சேர்த்துக் கொடுத்தேன். அதற்கெல்லாம் பணம் கையில் வந்துவிட்டது. அதோடு வரத்து நின்றுபோனது.

தை மாதம் அபி வந்தபோது முகம் சரியில்லை.

"பல்லு கெடைக்கலன்னா தலைப்ப மாத்திக்கச் சொல்றாங்கண்ணா. வேற ஏதாவது பண்ணிக்க வேண்டியதுதான்."

"வேறன்னா?"

"இது இல்லாம வேற. இதுல ஒரே வாயில ரெண்டு பக்கமும் ஜோடியாக் கெடச்சா எவ்ளோ நல்லா இருக்கும்! ஒண்ணத் தேய்க்கலாம், ஒண்ணத் தேய்க்காம விடலாம். ஒரே ஆளு பல்லு, வித்தியாசம் சுத்தமாத் தெரியும். அதெல்லாம் கனவு, விடுங்க."

அவள் விட்டுவிடலாம். அவளுக்கு வேறு தலைப்பு இருந்தது. எனக்கு இருக்கவில்லை.

கான்ட்ராக்டில் புதிதாக ஆள் எடுக்கிற சமயம் அது. கேட் பாஸ் வாங்க எத்தனை காகிதம் வேண்டும் என்று உங்களுக்கே தெரியும். ஆதார் நகல், போலீஸ் சரிபார்ப்பு, ரத்த வகை, கண் பார்வை, போட்டோ ஆறு. வாராவாரம் ஒன்று கூடும். இன்னது வேண்டும் என்று டீக்கடையில் ஒருவன் சொன்னால், ஏன் என்று யாரும் கேட்கமாட்டார்கள். எங்கே வாங்குவது என்றுதான் கேட்பார்கள். நானும் அப்படி நின்றவன். அதனால் எனக்கு அது தெரியும்.

நான் சொன்னது இதுதான். மைன்ஸ் தூசி சின்னக் கடைவாய்ப் பல்லில் தங்கிச் சொத்தை விழுகிறது, அதனால் இனிமேல் பக்கத்துக்கு ஒன்று எடுத்தவனுக்குத்தான் பாஸ். வெளியே எடுத்தால் இரண்டாயிரம் ஆகும். நம் கிளினிக்கில் ஞாயிற்றுக்கிழமை இலவசம். டாக்டரம்மா ஞாயிறு தோறும் கடலூரில் தன் அம்மாவைப் பார்க்கப் போய்விடுவார். பெருக்குவதற்காகச் சாவி என்னிடம் இருந்தது. அவருக்கும் அபிக்கும் இதில் எதுவும் தெரியாது, அதை எழுதிக்கொள்ளுங்கள்.

நாலு வருஷம் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். எங்கே ஊசி போட்டால் எங்கே மரத்துப்போகும் என்று பார்த்திருக்கிறேன். பல் எடுப்பதும் கை வேலைதான். அவசரப்பட்டு இழுப்பவன் உடைப்பான். பொறுமையாக அசைப்பவனுக்கு அதுவாக வரும். முதல் பையனுக்கு எடுத்து முடித்ததும் என் கையைப் பார்த்தேன். நடுங்கவில்லை. செத்த கை இப்படி இருக்காது என்று நினைத்துக்கொண்டேன்.

ஆறு ஞாயிற்றுக்கிழமை. இருபத்தொரு பேர். எல்லோரும் இருபதிலிருந்து இருபத்தைந்து வயதுக்குள். நாலு பேர் துப்புரவு கேங்குக்கு எழுதிப்போட்டிருந்த பெண் பிள்ளைகள். ஒவ்வொருவருக்கும் நல்ல பல் இரண்டு, வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று. ஒரு காசு வாங்கவில்லை. வரும்போது வெறும் வயிற்றோடு வந்தவர்களுக்கு நானே பன் வாங்கிக் கொடுத்தேன்.

எடுத்து முடித்ததும் ஒரு சீட்டு எழுதித் தருவேன். பெயர், அப்பா பெயர், தேதி, "பல் தகுதி உண்டு". கீழே கிளினிக் முத்திரை. அப்படி ஒரு சீட்டு உலகத்தில் எந்த கேட்டிலும் கேட்பதில்லை. ஆனால் வாங்கினவர்கள் பிளாஸ்டிக் கவரில் போட்டு ஃபைலில் வைத்துக்கொண்டார்கள். அபிக்கும் ஒரு பதிவேடு வேண்டியிருந்தது. ஒவ்வொரு பல்லும் எதற்காக எடுத்தது என்று அவள் காலேஜில் கேட்பார்களாம். அதிலும் நானே எழுதினேன். கம்பி போட, கம்பி போட, கம்பி போட. நாற்பத்திரண்டு வரி. என் எழுத்து கொஞ்சம் திருந்தியதே அதில்தான்.

கடைசி ஞாயிறு ராத்திரி காலேஜுக்குக் கிளம்பும்போது அபி, பல் சேர்த்து வைத்த ஜாடியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். "எவ்ளோ சுத்தமா இருக்கு! எல்லாமே ஜோடியா! யாரு பல்லுண்ணா இதெல்லாம்?"

"கம்பி போடற புள்ளைங்க பல்லும்மா. வடலூர் பக்கம் கேம்ப் போட்டாங்க."

பதிவேட்டைப் புரட்டினாள். கையெழுத்துப் போட்டாள். அவளுக்கும் நேரம் இல்லை.

நீங்கள் கேட்பது கடைசியாக வந்த அன்புமணியைப் பற்றி. கம்மாபுரம் பக்கம். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு மூன்று வருஷம் சும்மா இருந்தவன். அப்பா இல்லை. அம்மா மலர்கொடி கரும்பு வெட்டப் போகிறவள். என்னை மாமா என்றுதான் கூப்பிடுவான். நாற்காலியில் சாய்ந்துகொண்டு கேட்டான்.

"ஏன் மாமா, ரெண்டு பல்லு புடுங்கினா கான்ட்ராக்டு. முப்பத்திரண்டையும் புடுங்கினா பர்மனென்ட் பண்ணுவாங்களா?"

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நல்ல பையன்.

மேல் வரிசையில் அவனுக்கு இரண்டு பக்கமும் சொத்தை தொடங்கியிருந்தது. அது அபிக்கு உதவாது. கீழ் வரிசை சுத்தமாக இருந்தது. கீழே எடுத்து எனக்குப் பழக்கம் குறைவு. இடது பக்கம் நன்றாக வந்தது. வலது பக்கம் முறிந்து, வேரின் முனை உள்ளேயே நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் தேடிப் பார்த்தேன், வரவில்லை. பஞ்சு வைத்துக் கடிக்கச் சொன்னேன். சோதனைக்கு மேல்பாதிதான் வேண்டும், வேர் இல்லாவிட்டாலும் இடைஞ்சல் கிடையாது. ஜோடியை ஒரு சின்னக் குப்பியில் போட்டு, இருபத்தொன்று என்று சீட்டு ஒட்டி, ஜாடிக்குள் வைத்தேன். அவனுக்கும் சீட்டு எழுதிக் கொடுத்தேன். மாத்திரை மூன்று நாளைக்குத்தான் இருந்தது, அதைக் கொடுத்தேன்.

புதன்கிழமை காலையில் மலர்கொடி வந்தாள். டாக்டரம்மா உள்ளே ஒரு பாட்டிக்கு அளவு எடுத்துக்கொண்டிருந்தார். நான் மலர்கொடியை வாசலுக்கு அழைத்துவந்தேன்.

"அண்ணே, புள்ளைக்குத் தாடைக்குக் கீழ வீங்கிகினு கல்லு மாரி இருக்குண்ணே. வாயத் தொறக்க முடியல. எச்சி முழுங்க மாட்டாம ஒழுக வுட்டுகினு குந்திகினு இருக்கான்."

"புடுங்கினா அப்படித்தான் இருக்கும். வெந்நீர்ல உப்பு போட்டுக் கொப்புளிக்கச் சொல்லு."

"தொறந்தாத்தானேண்ணே கொப்புளிக்க. ஜி.எச்சுக்கு இட்டுகினு போவட்டுமா? இல்ல உள்ள டாக்டரம்மாகிட்ட ஒரு வார்த்த..."

எனக்கு அந்த இடத்தில் யோசிக்க நேரம் இருந்தது. அதை நான் மறைக்கவில்லை. உள்ளே கதவு திறந்துதான் இருந்தது. நான்கு அடி. டாக்டரம்மா பார்த்திருந்தால் அன்றைக்கே கடலூர் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பார். அனுப்பிவிட்டு, யார் எடுத்தது என்று கேட்டிருப்பார். அபியின் ஜாடி காலேஜில் இருந்தது. அடுத்த வாரம்தான் மெஷின் அவள் பெயரில் ஒதுக்கியிருந்தார்கள்.

"ஜி.எச்சுக்குப் போனா சீட்டுல எழுதிடுவாங்க, ஒடம்பு சரியில்லாதவன்னு. அப்புறம் பாஸ் வராது. மூணு வருசம் காத்துகினு இருந்தது எல்லாம் போயிடும். ரெண்டு நாள் பொறுத்துக்கச் சொல்லு. வடியும்."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க பாத்து வச்சிருக்கீங்க, ஒங்களுக்குத் தெரியாததா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வெள்ளிக்கிழமை அவனுக்கு மூச்சு அடைத்துக்கொண்டது. ஆம்புலன்ஸ் கடலூர் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது. ஊரில் விஷக் காய்ச்சல் என்று பேசிக்கொண்டார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை, மறுக்கவும் இல்லை. மாலை வாங்கிக்கொண்டு போனேன். மலர்கொடி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"பேச வரலண்ணே. கடைசியா ஒரு நோட்டுல எழுதிக் காட்டினான், பல்லு சீட்டு பத்திரம்மான்னு."

நானும் அழுதேன் ஐயா. அது பொய் இல்லை.

ஒன்றரை மாதம் கழித்து அபி வந்தாள். கையில் ஒரு கட்டுக் காகிதம். கிளினிக்கில் ஆள் இல்லாத மதிய நேரம். "அண்ணா, வந்திடுச்சு" என்றாள். நான் கை கழுவித் துடைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

சும்மா பூசின பல்லெல்லாம் சராசரி பதினாறு. தேய்த்த பல்லெல்லாம் இருபத்தேழு. ஒரே பாட்டில். ஒரே நாள். ஒரே ஆள்.

"பாத்தீங்களா, ஒண்ணரை மடங்குக்கு மேல" என்றாள். "மருந்து மேல ஒரு குத்தமும் இல்ல. கைதான்."

"இருபத்தொண்ணாவது ஜோடி என்னம்மா?"

விரலை ஓட்டித் தேடினாள். "இது ஏண்ணா கேக்கறீங்க? இதுதான் இருக்கறதுலயே பெரிய வித்தியாசம். தேய்ச்ச பக்கம் முப்பத்தொண்ணு. தேய்க்காத பக்கம் பதிமூணு."

அந்தக் காகிதத்தை வாங்கி நானே படித்தேன். எண்ணைப் படிக்க எழுத்து தெரியவேண்டியதில்லை, ஆனாலும் பக்கத்தில் இருந்ததையும் சேர்த்துப் படித்தேன். முப்பத்தொன்று. பதிமூன்று. அன்புமணியின் பல்லைப்போல வேறு யார் பல்லும் எனக்கு அவ்வளவு தெளிவாகப் பதில் சொல்லவில்லை. அவன் ஒன்றும் வீணாகப் போகவில்லை என்று எனக்குத் தோன்றியது. இப்போதும் தோன்றுகிறது.

அதற்கடுத்த வாரம் மலர்கொடி மகனுடைய ஃபைலை எடுத்துக்கொண்டு சக்கரபாணியின் ஆபீசுக்குப் போயிருக்கிறாள். அவனுக்குப் பதிலாகத் தன்னைத் துப்புரவு வேலைக்கு எடுத்துக்கொள்வார்களா என்று கேட்க. குமாஸ்தா ஒவ்வொன்றாகப் புரட்டி, இந்தப் பல் சீட்டு என்ன என்று கேட்டிருக்கிறான். சக்கரபாணிக்கு என் எழுத்து தெரியும். இருபத்திரண்டு வருஷத்தில் கடைசி இரண்டு வருஷம் சம்பளத் தாளில் கைநாட்டுக்குப் பதில் நான் கையெழுத்துப் போட்டதை அவர் பார்த்திருக்கிறார். அவர் ஸ்டேஷனில் வந்து சொல்லியிருக்கிறார். அப்படித்தான் நீங்கள் என் வீட்டுக்கு வந்தீர்கள்.

இருபத்தொரு பேருக்குப் பல் எடுத்தது நான். சீட்டு எழுதியது நான். மலர்கொடியைத் திருப்பி அனுப்பியது நான். இதெல்லாம் நடந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள். ஆனால் நான் இதை எழுத உட்கார்ந்தது இதற்காக இல்லை.

அந்த ஐப்பசி மாதம் எனக்கு வலது தோளில் வலி. கட்டை பிரஷ்ஷை அழுத்திப் பிடிக்க முடியவில்லை. முதல் பூச்சை நான் தேய்க்கவில்லை. தடவிவிட்டேன். யாரும் பார்க்கவில்லை. பார்த்தாலும் வித்தியாசம் தெரியாது, இரண்டும் ஒரே கறுப்பு. தடவினாலும் பிடித்துக்கொள்ளும் என்று நாலு வருஷம் என்னிடமே சொல்லிக்கொண்டிருந்தேன். பிடிக்காது. பதினாறுக்கும் இருபத்தேழுக்கும் உள்ள தூரம் அது. சக்கரபாணி சொன்னதுதான் உண்மை. அவரிடமும் அந்தப் பதினொரு பேரிடமும் இதை நீங்கள் வாசித்துக் காட்ட வேண்டும்.

அபியின் ஆறாயிரத்து முந்நூறை நான் தள்ளுபடி செய்துவிட்டேன். அவள் எனக்குத் தர வேண்டிய பதிலைத் தந்துவிட்டாள், அதற்கு மேல் காசு கேட்பது முறை இல்லை.

பெல்ட் நின்ற அந்த எட்டு மணி நேரத்துக்கு என் கைதான் காரணம். முழு நினைவோடு, யாருடைய கட்டாயமும் இல்லாமல் ஒப்புக்கொள்கிறேன். இனி நான் யாருக்கும் எதுவும் பாக்கி இல்லை.

இப்படிக்கு,
கலியன்